மலர்முன் நின்று பறக்கும் அந்துப்பூச்சி
களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஓர் இயற்கைப் பாடம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையும் இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையும் தமிழ்நாட்டைத் தொட்டு நிற்பவை. முன்னதில் சித்தூர் வட்டமும், பின்னதில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகள். இவ்விடங்களில் வீட்டுத் தோட்டமோ பள்ளித் தோட்டமோ இருந்து, அதில் வெட்சி, உண்ணிச்செடி, நித்தியகல்யாணி, சீமை நாயுருவி போன்றவை பூத்திருக்குமாயின், காலை வேளையிலோ மாலை மயங்கும் நேரத்திலோ ஒரு விந்தையைக் காணலாம். பெருவிரலளவே உள்ள ஓர் உயிர் மெல்லிய ரீங்காரத்துடன் வந்து, மலரின்மேல் அமராமல், அதற்கு முன்பாகக் காற்றில் அசையாது நிற்கும். நீண்ட அலகு போன்ற ஒன்றை மலருள் நுழைக்கும். இரண்டொரு நொடியில் அடுத்த மலருக்குத் தாவும். உற்றுப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும்.

இதனைக் கண்ட மாணவன், ஆங்கிலத்தில் 'ஹம்மிங் பேர்டு' எனப்படும் ரீங்காரச் சிட்டைத் தன் வீட்டுத் தோட்டத்தில் பார்த்ததாக வந்து கூறுவது இயல்பு. இச்சமயத்தில் ஆசிரியர் இரண்டு வகையில் தவறக்கூடும். "ஆம், அதுவேதான்" என்று ஒப்புக்கொண்டால், இல்லாத பறவை ஒன்று நம் நாட்டில் இருப்பதாக மாணவன் மனத்தில் பதியும். "அது அமெரிக்காவில் உள்ளது, நீ பார்த்திருக்க முடியாது" என்று தள்ளிவிட்டால், மாணவன் தன் கண்ணையே நம்பாதொழிவான். அவன் கண்டது மெய். இட்ட பெயர் மட்டுமே பிழை. காட்சியை ஏற்றுக்கொண்டு பெயரைத் திருத்துவதே இப்பாடத்தின் முதல் நோக்கம். அவ்வுயிர் 'பருந்து அந்துப்பூச்சி' எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூச்சியாகும்.

பறவையன்று என்று அறிவது எவ்வாறு?

இன்று உலகில் வாழும் ரீங்காரச் சிட்டுகள் முந்நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். அவை யாவும் வட, தென் அமெரிக்காக்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே உள்ளன. நம் தோட்டங்களில் பூந்தேன் குடிக்கும் பறவை தேன்சிட்டு. இது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. தேன்சிட்டு சில நொடிகள் காற்றில் நின்று தேன் குடிப்பதுண்டு எனினும், பெரும்பாலும் கிளையையோ பூங்காம்பையோ பற்றி அமர்ந்தே குடிக்கும். அந்துப்பூச்சியோ தேன் குடிக்கும்போது அமர்வதில்லை. சில வேளைகளில் முன்னங்கால்களால் மலரைச் சற்றே தொடுவதுடன் சரி.

அருகிற் சென்று பார்க்கக் கூடுமாயின் ஐயம் உடனே தீரும். பறவைக்கு இரண்டு கால்கள், இதற்கு ஆறு. பறவைக்கு ஓரிணைச் சிறகுகள், இதற்கு ஈரிணை. தலையில் நுனி சற்றுத் தடித்த இரண்டு உணர்கொம்புகள் தெளிவாகத் தெரியும். அலகு போலத் தோன்றுவது உண்மையில் ஒரு உறிஞ்சுகுழல். வேலை முடிந்ததும் கடிகாரச் சுருளைப்போல் அது தலையின் கீழே சுருண்டுவிடும். எந்தப் பறவையும் தன் அலகைச் சுருட்டுவதில்லை. வாலிறகு போலத் தோன்றுவது வயிற்றின் நுனியில் தூரிகைபோல் விரியும் மயிர்ச் செதில்களின் தொகுதி. திரும்பும்போதும் நிற்கும்போதும் இதனை விரித்துச் சுருக்குவதால், பறவையின் வால் என்றே கண் மயங்குகின்றது.

அமேசான் கரையில் நேர்ந்த மயக்கம்

இம்மயக்கம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர் 1848 முதல் 1859 வரை தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியில் உயிரினங்களைச் சேகரித்தார். பூத்திருந்த ஆரஞ்சு மரங்களைச் சுற்றி ரீங்காரச் சிட்டுகள் பறந்த இடத்தில், பறவையெனக் கருதிப் பலமுறை அந்துப்பூச்சியைச் சுட்டுவிட்டதாக 1863-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியுள்ளார். பறக்கும் நிலையில் இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்கு அவருக்குப் பல நாட்கள் பிடித்தன. அவ்வூர் மக்களும், படித்தவர்கள் உட்பட, பூச்சியே பறவையாக மாறுகின்றது என உறுதியாக நம்பி வந்தனர் என்பதையும் அவர் குறித்துள்ளார்.

உண்மையான ரீங்காரச் சிட்டு வாழும் நாட்டிலேயே, பயிற்சி பெற்ற கண்ணுக்கும் இவ்வாறு நேர்ந்தது. இவ்விரு உயிர்களும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை அல்ல. ஒன்று முதுகெலும்புடையது, மற்றொன்று முதுகெலும்பற்றது. ஆழமான மலரின் அடியிலுள்ள தேனை அமராமலே குடிக்கவேண்டும் என்னும் ஒரே தொழில், நெடுங்காலப் போக்கில் இரண்டிற்கும் ஒத்த தோற்றத்தையும் ஒத்த நடத்தையையும் அளித்துவிட்டது. தொழில் ஒத்தால் உருவும் ஒத்துப்போகலாம் என்பதற்கு ஆசிரியர் காட்டத்தக்க எளிய சான்று இது. திமிங்கிலம் மீனைப்போல் இருப்பதும் இவ்வாறே.

எல்லைப்புறத் தோட்டங்களில் காண்பவை

பருந்து அந்துப்பூச்சிகளின் குடும்பத்திற்கு 'ஸ்பிஞ்சிடே' என்று பெயர். உலகில் இதில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை அந்தியிலும் இரவிலும் பறப்பவை. பகலில் பறந்து நம் கண்ணிற் படுபவை சிலவே. அவற்றுள் இரண்டு வகைகளை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதல் வகை 'மாக்ரோகுளாஸம்' என்னும் பேரினம். பெருநாக்கு என்பதே இப்பெயரின் பொருள். முன்சிறகுகள் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் கரிய பட்டைகளுடன் இருக்கும். பின்சிறகுகளில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் காணும். பறக்கும்போது அந்நிறம் புகைபோல் மங்கித் தெரியும். புத்தகங்களில் பெரிதும் படம் போடப்படுவது மாக்ரோகுளாஸம் ஸ்டெல்லாட்டாரம் என்னும் இனம். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இவ்வினம் ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த, மிதமான பகுதிகளிலும் பரவியுள்ளது. நம் நாட்டில் பெரும்பாலும் வடபகுதிகளில் காணப்படுவது. தென்னிந்தியாவில் உள்ளவை பெலிஸ், கைரன்ஸ், கோரித்தஸ் முதலிய பிற இனங்கள். இவை தம்முள் மிகவும் ஒத்திருப்பதால், பறக்கும்போது கண்டதை மட்டும் கொண்டு இனப்பெயர் எழுதுதல் கூடாது. 'மாக்ரோகுளாஸம் வகை' என்று குறிப்பதே நேர்மையான பதிவாகும்.

இரண்டாவது வகை செபோனோடிஸ் ஹைலஸ். 1771-இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். இதன் சிறகுகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிபவை. உடல் இலைப்பச்சை நிறமும் வயிற்றின் நடுவே செந்நிறப் பட்டையும் கொண்டது. பெரிய வண்டோ தேனீயோ என்று கருதிப் பலர் அஞ்சி விலகுவர். இதற்குக் கொடுக்கு இல்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிப்பட்ட உடனே பார்த்தால் இச்சிறகுகளின்மேல் மெல்லிய செதில்கள் படிந்திருக்கும். முதல் முறை சிறகடித்ததுமே அவை உதிர்ந்து, கண்ணாடித் தன்மை வெளிப்படும்.

இப்பகுதியின் அமைப்பு பலவகைப் பூச்சிகளுக்கு இடமளிப்பது. வறண்ட காற்று வீசும் பாலக்காட்டுக் கணவாய், மழைமறைவில் அமைந்த சின்னாறு, ஏலமும் காப்பியும் விளையும் நடுமலை, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறு, அதற்கும் மேலே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி ஆகிய இவை யாவும் சிறு தொலைவிற்குள் அடங்கியுள்ளன. ஆகவே சித்தூரில் கண்ட பூச்சியும் தேவிகுளத்தில் கண்ட பூச்சியும் ஒன்றே என முன்கூட்டி முடிவு செய்தல் ஆகாது.

இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள அறிவிற்கு அடிப்படையிட்டவர்களுள் இருவர் இம்மலைத்தொடரிலேயே வாழ்ந்தவர்கள். ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தவர். அம்மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1891-இல் வெளிவந்தது. டி. ஆர். டி. பெல் மேற்குக் கடற்கரையில் கார்வார்ப் பகுதியில் வனத்துறை அலுவலராகப் பணியாற்றியவர். அவர் எப். பி. ஸ்காட்டுடன் சேர்ந்து எழுதிய பருந்து அந்துப்பூச்சிகள் பற்றிய தொகுதி 1937-இல் வெளியாயிற்று. புழுக்களைத் தாமே வளர்த்து, எப்புழு எப்பூச்சியாகின்றது, எவ்விலையைத் தின்கின்றது என்று கண்டு எழுதியமையே அந்நூலின் சிறப்பு. அந்தத் தொகுதிக்கு அடிப்படை களப்பணியே என்பதை நம் பணியாளர்கள் மனத்திற்கொள்ளத் தகும்.

நின்று பறக்கும் திறன்

காற்றில் ஓரிடத்தில் நிற்பது மிகுந்த ஆற்றலைச் செலவிடும் செயல். மாக்ரோகுளாஸம் ஸ்டெல்லாட்டாரம் நொடிக்கு 70 முறைக்கு மேல் சிறகடிக்கின்றது. ரீங்காரம் இதனால் எழுவதே. இவ்வேகத்தில் இயங்க மார்புத் தசைகள் சூடாக இருத்தல் வேண்டும். பறக்கும் நேரத்தில் அவற்றின் வெப்பம் ஏறக்குறைய 40 பாகை செல்சியசை எட்டும். ஆகவே குளிர்ந்த காலையில் இப்பூச்சி உடனே பறப்பதில்லை. இலைமேல் இருந்தபடி சிறகுகளைச் சிறிது நேரம் நடுக்கித் தசைகளைச் சூடாக்கிக்கொண்ட பின்னரே எழும்பும். மூணாறு போன்ற இடங்களில் இதனை மாணவர் நேரிற் காணலாம்.

இவ்வளவு ஆற்றலையும் அளிப்பது பூந்தேனில் உள்ள சர்க்கரை. நீண்ட குழல்போன்ற மலர்களின் அடியில் தேன் இருக்க, அதனை எட்டும் நீளமான உறிஞ்சுகுழலும் அமைந்திருக்கின்றது. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ஆர்க்கிட் மலர் ஒன்றில், தேன் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதைக் கண்ட சார்லஸ் டார்வின், அத்துணை நீளமான குழலுடைய அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருத்தல் வேண்டும் என 1862-இல் எழுதினார். அத்தகைய பூச்சி அங்கு உள்ளதை 1903-இல் ராத்சைல்டும் ஜோர்டனும் வெளியிட்டனர். அதுவும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியும் அத்தீவிலிருந்து வந்த செடிதான். அதன் பூவைப் பிளந்து பார்த்தால், குறுகிய குழலின் அடியில் தேன் மறைந்திருப்பதும், குட்டை நாக்குடைய பூச்சி அதனை எட்ட முடியாமையும் விளங்கும்.

தேனைத் தேடிச் செல்லும் பூச்சி மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றது. பப்பாளியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே இருப்பதுண்டு. அந்தி வேளையில் ஆண் பூக்களின் தேனை நாடிவரும் பருந்து அந்துப்பூச்சிகள் பெண் பூக்களிடத்தும் சென்று மகரந்தம் சேர்க்கின்றன. ஒளி மங்கிய நேரத்தில் அவை மலர்களை எவ்வாறு காண்கின்றன என்னும் வினாவிற்கு 2002-இல் ஒரு பகுதி விடை கிடைத்தது. சுவீடன் நாட்டின் லுண்டு பல்கலைக்கழகத்தில் அல்முட் கெல்பரும் உடன் ஆய்ந்தோரும், இரவிற் பறக்கும் ஒரு பருந்து அந்துப்பூச்சி, மனிதக் கண்ணுக்கு நிறமே தெரியாத விண்மீன் ஒளியிலும் நிறங்களைப் பிரித்தறிவதை மெய்ப்பித்தனர்.

கொம்புடைய புழு

இப்பாடத்தின் இரண்டாவது நோக்கம் இங்கே தொடங்குகின்றது. மலரின்முன் இப்பூச்சியைக் கண்டு வியக்கும் அதே வீட்டார், அடுத்த செடியில் அதன் புழுவைக் கண்டால் அருவருத்து நசுக்கிவிடுகின்றனர். இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதை அவர்கள் அறியாமையே இதற்குக் காரணம்.

பருந்து அந்துப்பூச்சியின் புழு பருத்தது, மயிரற்றது, பெரும்பாலும் பச்சை நிறமுடையது. வாலின் பக்கத்தில் நிமிர்ந்த கொம்பு ஒன்று இருக்கும். இக்கொம்பு விஷமுள்ளது, கொட்டும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் வீண்; கொம்பு மென்மையானது, கொட்டுவதில்லை. எனினும், உடல் முழுதும் மயிரோ முள்ளோ உடைய கம்பளிப்புழுக்கள் வேறு. அவற்றுட் சில தொட்டால் அரிப்பும் எரிச்சலும் உண்டாக்கும். மயிருள்ள எப்புழுவையும் கையால் தொடலாகாது என்று மாணவர்க்கு முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். அச்சுறும்போது பருந்து அந்துப்புழு உடலின் முன்பகுதியைத் தூக்கி அசையாதிருக்கும். எகிப்து நாட்டின் ஸ்பிங்க்ஸ் சிலையை இந்நிலை நினைவூட்டியதாலேயே குடும்பத்திற்கு அப்பெயர் வந்தது.

மாக்ரோகுளாஸம், செபோனோடிஸ் ஆகிய இரண்டின் புழுக்களும் பெரும்பாலும் காப்பிக் குடும்பத்துச் செடிகளையே உண்பவை. காப்பி, வெட்சி, நுணா, கேரளத்தில் கந்தராஜன் எனப்படும் கார்டீனியா ஆகியவை யாவும் இக்குடும்பத்தினவே. செபோனோடிஸ் புழுவை வீட்டுக் கார்டீனியாவிலும் காப்பிச் செடியிலும் தேடிக் காணலாம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் காணும் பெரிய பச்சைப் புழு வேறோர் இனம். அது டாப்னிஸ் நீரி என்னும் அந்துப்பூச்சியாகும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

காப்பிச் செடியில் பருத்த பச்சைப் புழுவைக் கண்ட சிறு விவசாயி, தோட்டம் முழுவதும் அழிந்துவிடும் என அஞ்சி மருந்து தெளிக்க முற்படுவது உண்டு. செபோனோடிஸ் புழு காப்பி இலையைத் தின்பது உண்மையே. ஒரு சிறு நாற்றை ஒரு புழுவே மொட்டையாக்கவும் கூடும். ஆயினும் நம் நாட்டுக் காப்பியில் இது சாதாரணமாகப் பெருந்தீங்கு செய்யும் பூச்சியன்று. ஆலோசனை கூறுமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, எண்ணிப் பார்த்தல். செடியின் அடியில் கரும்பச்சைக் குருணைபோன்ற எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே புழு இருக்கும். எத்தனை செடியில் எத்தனை புழு என்று குறித்த பின்னரே சேதத்தை மதிப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது, கையால் எடுத்தல். புழு பெரியதாகையால் நாற்றங்காலில் கையால் பொறுக்கி எடுப்பதே எளிது. எடுத்ததை வேலியோரத்து நுணாவிலோ வீட்டுக் கார்டீனியாவிலோ விட்டுவிடலாம்.

மூன்றாவது, இயற்கை எதிரிகளை அறிதல். புழுவின்மேல் அரிசிபோன்ற வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதனைக் கொல்லலாகாது. அவை புழுவை உண்டு வாழும் சிறு குளவிகளின் கூடுகள். அக்குளவிகள் வெளிப்பட்டு மேலும் பல புழுக்களைத் தேடிச் செல்லும். மருந்து தெளித்தால் முதலில் மடிபவை இவைகளே.

நான்காவது, தெளிக்கும் நேரம். தேனீக்களைக் காக்கும்பொருட்டு மாலையில் தெளிக்குமாறு கூறுவது வழக்கம். அவ்வறிவுரை நல்லதே, ஆனால் மாலை மயங்கும் நேரமே பருந்து அந்துப்பூச்சிகள் தேனருந்தும் நேரம். ஆகவே நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது. பூத்திருக்கும் செடியின்மீதும், வேலியோரப் பூக்களின்மீதும் மருந்து படாமற் காப்பதே பொருந்தும். ஏலத் தோட்டங்களில் இது மேலும் இன்றியமையாதது. ஏலப்பூவிற்கு மகரந்தம் சேர்ப்பவை முக்கியமாகத் தேனீக்களே. அவற்றைக் காக்கும் ஒழுங்கு அந்துப்பூச்சியையும் காக்கும்.

வகுப்பில் செய்யத்தக்கவை

மருந்து தெளிக்காத செடியிலிருந்து ஒரே ஒரு கொம்புப் புழுவை அது இருந்த கிளையுடன் கொண்டுவரச் செய்க. வாயில் வலை கட்டிய அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரம் ஈரமண் இட்டு, அதன்மேல் காய்ந்த சருகைப் பரப்புக. புழு கண்டெடுக்கப்பட்ட அதே செடியின் புது இலைகளை நாள்தோறும் இடுதல் வேண்டும்; வேறு இலையை அது பெரும்பாலும் தீண்டாது. வளர்ச்சி முற்றிய புழு நிறம் மங்கி, உணவை விட்டுக் கீழிறங்கிச் சருகிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகும். அப்போது அதனைக் கிளறுதல் கூடாது. ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தல் வேண்டும். வெளிவரும் பூச்சி அதில் ஏறித் தொங்கிய பின்னரே அதன் சிறகுகள் விரிந்து உறுதிப்படும். சமவெளியில் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களில் பூச்சி வெளிப்படும். குளிர்ந்த மலைப்பகுதியில் மேலும் நாள் செல்லும். சிறகு உறுதிப்பட்டபின், மாணவர் முன்னிலையில் பூத்த செடியருகே அதனை விட்டுவிடுக.

நாள், நேரம், இடம், உத்தேச உயரம், செடியின் பெயர், பூச்சியின் நடத்தை ஆகிய ஆறையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்தல் வேண்டும். செடியின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவது எல்லைப்புறப் பள்ளிகளுக்கு மிகவும் பயன்படும். இன்று கைப்பேசியில் படம் எடுக்கும் வசதி இருப்பதால், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் படத்தை இட்டு, அறிந்தோர் துணையால் பெயரைச் சரிபார்க்கவும் கூடும். சிறகின் மேற்புறமும் வயிற்றின் பக்கமும் தெரியுமாறு படம் அமைந்தால் இனத்தை அறிதல் எளிதாகும்.

இவ்வாறு ஒரு புழு வளர்ந்து பூச்சியாவதைத் தன் கண்ணால் கண்ட மாணவன், தன் வீட்டுக் கார்டீனியாவில் உள்ள புழுவை நசுக்கும் முன் ஒரு கணம் தயங்குவான். அது யாதெனத் தாய்தந்தையர்க்கும் எடுத்துக் கூறுவான். இலைகள் சில குறைவதைப் பொறுத்துக்கொள்ளும் தோட்டத்தில்தான் மலர்முன் நின்று பறக்கும் அந்தப் பூச்சியும் இருக்கும். இதை உணர்த்திவிட்டால் பாடம் நிறைவுற்றதெனக் கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. தேன்சிட்டையும் பருந்து அந்துப்பூச்சியையும் பிரித்தறிய உதவும் அடையாளங்கள் நான்கு கூறுக.

2. ரீங்காரச் சிட்டும் இப்பூச்சியும் உறவற்றவையாயினும் ஒத்திருப்பதேன்?

3. நும் பள்ளித் தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள காப்பிக் குடும்பத்துச் செடிகள் யாவை? அவற்றின் இலை, பூ அமைப்பில் பொதுவாகக் காண்பது யாது?

4. குளவிக்கூடு ஒட்டிய புழுவைக் கொல்லாது விடுவது விவசாயிக்கு எவ்வாறு நன்மை தரும்?

5. அந்தி வேளையில் அரைமணி நேரம் ஒரே செடியைக் கவனித்து, அதனிடம் வந்த உயிர்களின் பட்டியல் ஒன்று எழுதுக. பெயர் தெரியாதவற்றிற்கு அடையாளம் மட்டும் எழுதினால் போதும்.